கல்லூரிக் கணக்கை எப்போது திறக்கிறோம்?

மலேசியாவில் பி.டி.பி.டி.என். கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கும் மாணவருக்கு எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு இருந்தாக வேண்டும். 20 வெள்ளி போட்டால் கணக்கு தயார். பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போதே பெற்றோர் சிறுகச் சிறுகப் போட்டு வரட்டும் என்று 2004-இல் கொண்டுவரப்பட்ட திட்டம் அது. ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தானிலும் நம் வீடுகள் பலவற்றில் அந்தக் கணக்கு திறக்கப்படுவது பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகி, எங்கோ ஓர் இடம் கிடைத்து, கடன் பாரத்தைப் பூர்த்தி செய்ய உட்காரும் வாரத்தில்தான். சேமிப்பதற்கான கணக்கு கடன் வாங்குவதற்கான நுழைவுச் சீட்டாகிவிட்டது. அந்த 20 வெள்ளி அதன்பின் 20 வெள்ளியாகவே கிடக்கும்.

இதைப் படித்துவிட்டு, நம்மவர்களுக்குச் சேமிக்கத் தெரியாது என்ற பழைய பல்லவியை நானும் பாடப் போகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தோட்டத்து மக்களுக்குச் சேமிக்கத் தெரியும் என்பதற்கு இந்த நாட்டிலேயே பெரிய சாட்சி ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். நான் சொல்ல வருவது வேறு. கல்லூரிச் செலவை நாம் பணப் பிரச்சினையாக மட்டும் பார்க்கிறோம். பணம் பாதிதான். எந்த வழியாகப் படிப்பது, யார் பெயரில் கடன் இருப்பது, எப்போது முடிவெடுப்பது என்ற மூன்றும் சேர்ந்தது மீதிப் பாதி. இந்த மூன்றையும் எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்த பிறகு, சில வாரங்களுக்குள், பதற்றத்தோடு தீர்மானிக்கிறோம். அந்தப் பதற்றத்தின் விலைதான் பல வீடுகளில் கட்டணத்தைவிடப் பெரியது.

முதலில் கையில் என்ன இருந்தது என்று பார்த்துவிடுவோம். தோட்டம் துண்டாடப்பட்டோ, கித்தா போய் செம்பனை வந்தோ, நிலம் வீடமைப்புக்கு விற்கப்பட்டோ, பேராக்கில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் லயத்தை விட்டு வெளியேறின. ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் என்பது 1980-ஆம் ஆண்டின் பணிநீக்க நிவாரண விதி. இருபத்தைந்து ஆண்டு பால்மரம் வெட்டியவருக்கு அது 500 நாள் சம்பளம். அதைக் கேட்டுக் கண்ணை விரிக்க வேண்டாம். தோட்டத்து நாள் சம்பளம் என்னவென்று நமக்குத் தெரியும். வேலை போனால் வீடும் போகும் என்ற ஏற்பாட்டில் வாழ்ந்தவர்களுக்கு அந்தப் பணம் முதலில் கூரைக்குத்தான் போனது. தாமானில் ஒரு மலிவு வீட்டுக்கு முன்பணம், பட்டணத்துக்குப் போய்வர ஒரு மோட்டார் சைக்கிள், அவ்வளவுதான். மற்ற இனத்தவரிடம் ஒரு கடையோ, ஒரு துண்டு நிலமோ, விற்றுப் படிக்க வைக்க ஏதோ ஒன்று இருந்த காலத்தில் நம்மிடம் விற்பதற்கு ஒன்றுமில்லை. மூன்று தலைமுறை மண்ணில் உழைத்தும் அந்த மண் கையில் ஒட்டவில்லை.

இன்றைய நிலைமைக்கு வருவோம். குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியில் தொடங்கி, 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளிக்கு வந்திருக்கிறது. ஜெலாப்பாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அந்தச் சம்பளத்தில் இருக்கும் ஓர் அப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஊழியர் சேமநிதிக்கு அவருடைய பங்கு 11 விழுக்காடு, முதலாளியின் பங்கு 13. சேர்த்தால் மாதம் 408 வெள்ளி. பிள்ளையின் படிப்புக்கு எடுக்கக்கூடியது முன்பு இரண்டாம் கணக்கு. அதற்கு அந்தத் தொகையில் 30 விழுக்காடு போனது. 2024 மே மாதம் சேமநிதி மூன்று கணக்காகப் பிரிக்கப்பட்டபின், படிப்புக்கு எடுக்கும் செஜாத்ரா கணக்குக்குப் போவது 15 விழுக்காடு. அதாவது மாதம் 61 வெள்ளி 20 காசு. பத்து ஆண்டு சேர்ந்தால் 7,344 வெள்ளி, மேலே இலாப ஈவு. பழைய கணக்கில் அதே உழைப்புக்கு 14,688 வெள்ளி சேர்ந்திருக்கும். இதே செஜாத்ரா கணக்கிலிருந்துதான் வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் எடுக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று விடப்பட்ட ஃபிளெக்சிபல் கணக்குக்கு 10 விழுக்காடு போகிறது. அதைச் சிந்தாமல் சேர்த்து வைக்கிற குடும்பத்தைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடலாம். பெரும்பாலும் அது மாதக் கடைசியின் மின்கட்டணமாக மாறிவிடுகிறது.

சேமநிதி அதிகாரிகளைக் குறை சொல்லவில்லை. முதுமைக்கு என்று ஒதுக்கப்படும் பங்கை 75 விழுக்காடாக உயர்த்தியதற்கு நியாயம் உண்டு. ஆனால் "பிள்ளை படிப்புக்கு இ.பி.எஃப். இருக்கிறதே" என்று வீட்டில் ஆண்டாண்டாகச் சொல்லிவந்த நம்பிக்கை பாதியாகச் சுருங்கிவிட்டது. அதை எத்தனை வீடுகள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தன என்பதுதான் என் கவலை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. எஸ்.எஸ்.பி.என்.-இல் சேமித்தால் ஆண்டுக்கு 8,000 வெள்ளி வரை வருமான வரி விலக்கு. வரி கட்டுகிற மருத்துவரும் வழக்கறிஞரும் ஆண்டுக் கடைசியில் ஓடிப்போய் அதில் பணம் போடுவது இதற்காகத்தான். 1,700 வெள்ளி வாங்குபவர் வரியே கட்டுவதில்லை, விலக்கு எதற்கு? சேமிக்கத் தூண்டுகிற பெரிய சலுகை, சேமிப்பதற்கு மிகவும் சிரமப்படுகிறவரைத் தொடாமல் தலைக்கு மேலே போய்விடுகிறது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் ஈடுதொகை சேர்க்கும் ஏற்பாடும் அதே திட்டத்தில் இருக்கிறது. அதைப் பற்றி நம் கோயில் கூட்டங்களிலோ பெற்றோர் ஆசிரியர் சங்கங்களிலோ யாராவது விளக்கிப் பேசினால் நல்லது. மாதம் 50 வெள்ளியைப் பதினெட்டு ஆண்டு போட்டால் முதலே 10,800 வெள்ளி. ஐம்பது பெரிய தொகைதான். ஆனால் கைப்பேசித் தவணையைவிடச் சிறியது.

சரி, சேமிப்பு இல்லாத வீட்டில் பிள்ளைகள் படிக்காமலா போய்விட்டார்கள்? படித்தார்கள். அந்தச் செலவை யார் கட்டினார்கள் என்பதை நாம் வெளியே பேசுவதில்லை. அக்கா கட்டினாள். தோட்டப்புறத்தில் எத்தனையோ குடும்பங்களில் முதல் பட்டதாரிக்குப் பின்னால் ஓர் அக்கா நிற்பாள்: எஸ்.பி.எம். முடித்ததும் தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போனவள், ஓவர்டைம் பணத்தைத் தம்பியின் விடுதிக்கு அனுப்பியவள், தன் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டவள். தம்பியின் பட்டமளிப்புப் படத்தில் அவள் ஓரத்தில் நிற்பாள். குடும்பம் கூடிப் படிக்க வைத்தது என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்தக் கூடுதலில் யாருடைய படிப்பு பலியானது என்று கேட்டால் வீடு அமைதியாகிவிடும். இன்று நம் பெண் பிள்ளைகள் படிப்பில் முன்னே நிற்கிறார்கள் என்பதால் இந்தக் கதை பழையதாகிவிட்டது என்று எண்ணிவிட முடியாது. ஒரே சமயத்தில் இருவருக்கு இடம் கிடைத்தால் யாரை முதலில் அனுப்புவது என்ற கேள்வி வரும்போது பழைய பழக்கம் தலை தூக்கும். இருவருக்கும் இடையே இரண்டு வயதுதான் வித்தியாசம் என்றால், இரண்டு செலவும் ஒரே காலத்தில் வரும் என்பது பிறந்த அன்றே தெரிந்த சங்கதி.

அக்காவுக்கு அடுத்தது அம்மாவின் தங்கம். தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போய்வருவது எல்லாரும் அறிந்ததே. அதற்கும் அடுத்தது கூட்டு. இருபது பேர் சேர்ந்து மாதம் 200 வெள்ளி போட்டு, முறை வருகிறவர் மொத்தமாக எடுப்பது. 1971-ஆம் ஆண்டிலேயே கூட்டு நிதியைத் தடை செய்யும் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் லயத்திலிருந்து அடுக்குமாடி வரை அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. எத்தனையோ பிள்ளைகளின் பதிவுக் கட்டணம் கூட்டுப் பணத்தில் கட்டப்பட்டிருக்கிறது. சட்டத்தை மீறச் சொல்லவில்லை. பிடித்தவர் ஓடிவிட்டால் போலீசுக்குப் போக முடியாது என்பதையும் அனுபவித்தவர்கள் அறிவார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தேவையான நாளில், கேள்வி கேட்காமல், மொத்தமாகப் பணம் தருகிற நியாயமான வழி வேறு எதுவும் அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அங்கே போயிருக்க மாட்டார். இதற்கெல்லாம் கடைசிப் படி ஆ லோங் என்னும் கந்துவட்டிக்காரர். அங்கே கால் வைத்த குடும்பத்தின் கதையை நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது வழிக்கு வருவோம். பணம் எவ்வளவு வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது வழிதான். பேராக்கில் பிறந்த பிள்ளைக்குக் கண்ணெதிரே கிடக்கும் கதவுகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஈப்போவிலேயே நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஓமார் 1969 முதல் இருக்கிறது. டிப்ளோமாவுக்குப் பருவக் கட்டணம் 200 வெள்ளி. அந்தக் கட்டணத்தில் பொறியியல் டிப்ளோமா. தஞ்சோங் மாலிமில் 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் இன்று கல்வியியல் பல்கலைக்கழகம். அங்கே தமிழ்மொழிக் கல்வியியல் பட்டமும் படிக்கலாம். கோப்பேங்கில் மெட்ரிகுலேஷன் கல்லூரி. கம்பாரில் பழைய ஈயக் குட்டை நிலத்தில் 2007-இல் திறக்கப்பட்ட யு.டி.ஏ.ஆர். வளாகம், தனியார் பல்கலைக்கழகமாக இருந்தாலும் இலாபத்துக்காக நடத்தப்படுவதில்லை, வீட்டிலிருந்தே போய்வரும் பிள்ளைகளும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், பக்கத்து இடைநிலைப் பள்ளியிலேயே ஆறாம் படிவம்.

ஆறாம் படிவத்தின் மேல் நம் வீடுகளுக்கு ஏன் இத்தனை வெறுப்பு என்று எனக்கு விளங்கவில்லை. ஒன்றரை ஆண்டு, கட்டணம் ஏறக்குறைய இல்லை, வீட்டுச் சாப்பாடு, முடித்தால் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு நேர் வழி. அதன் முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வு கடினம் என்பார்கள். கடினம்தான். ஆனால் உண்மையான தயக்கம் கடினத்தில் இல்லை. கூட்டாளிகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள், என் பிள்ளை மட்டும் இன்னும் பள்ளிச் சீருடை போடுகிறானே என்ற வெட்கம் அது. அந்த வெட்கத்தை மறைக்க ஆயிரக்கணக்கான வெள்ளி கட்டித் தனியார் கல்லூரியில் ஃபவுண்டேஷன் சேர்க்கிறோம். கல்விக் கண்காட்சியில் ஒரு மேசைக்குப் பின்னால் இனிக்க இனிக்கப் பேசுகிற முகவர், "இன்று கையெழுத்துப் போட்டால் பதிவுக் கட்டணத்தில் தள்ளுபடி" என்று சொல்லும்போது, அந்த மேசையில் பேனாவை எடுப்பது அறிவு அல்ல, அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்ற பயம். அதே படிப்பு அரசுப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறதா, அந்தப் பாடத்திட்டத்துக்குத் தரச்சான்று உண்டா, பி.டி.பி.டி.என். கடன் கிடைக்குமா, அது கட்டணத்தில் எவ்வளவை ஏற்கும் என்ற நான்கு கேள்விகளையும் கேட்காமல் எழுந்து வருகிறவர்கள் நிறைய. 2014 நவம்பர் முதல் தனியார் உயர்கல்வி மாணவர்களுக்கான கடன் தொகையை 15 விழுக்காடு குறைத்தார்கள். அரசு நிலையங்களுக்கு 5 விழுக்காடுதான். தனியார் கல்லூரியில் கடனுக்கும் கட்டணத்துக்கும் நடுவே விழும் பள்ளத்தை ஒவ்வொரு பருவமும் யார் நிரப்புவது என்று முன்கூட்டியே தெரியாமல் போய் அமர்ந்த பிள்ளைகளில் சிலர் இரண்டாம் ஆண்டில் பாதியில் நின்றார்கள். கையில் பட்டம் இல்லை. கடன் மட்டும் இருக்கிறது. இதைவிட மோசமான வியாபாரம் வேறில்லை.

மெட்ரிகுலேஷனைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் வாசகர்கள் விட மாட்டார்கள். பூமிபுத்ராக்களுக்கு 90, மற்றவர்களுக்கு 10 விழுக்காடு என்ற ஒதுக்கீடு நியாயமில்லை என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. 2019-இல் இடங்களை 25,000-இலிருந்து 40,000-க்கு உயர்த்தினார்கள், விகிதத்தை மாற்றவில்லை. 2024-இல், எஸ்.பி.எம். தேர்வில் பத்து ஏ-யோ அதற்கு மேலோ எடுத்தவர்களுக்கு இனம் பாராமல் இடம் உண்டு என்று பிரதமர் அறிவித்தார். பத்து ஏ எடுக்கிற பிள்ளைக்கு அது பெரிய கதவு. ஆறு ஏ, ஏழு ஏ எடுக்கிற தோட்டப்புறப் பிள்ளைக்கு அது பழைய சுவர்தான். இந்தச் சுவருக்கு எதிராகக் குரல் கொடுப்பது அரசியல்வாதிகளின் வேலை, நம் வேலையும்கூட. ஆனால் ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் இதையே பேசி, முறையீட்டுக் கடிதம் எழுதி, யாரோ ஒரு தலைவரின் அலுவலக வாசலில் காத்திருந்து, அதற்குள் ஆறாம் படிவச் சேர்க்கையையும் பாலிடெக்னிக் இடத்தையும் நழுவ விடுவது எந்தக் கணக்கில் சேரும்? இடம் வரட்டும், வந்தால் போகலாம். வராது என்று வைத்துக்கொண்டுதான் வீடு திட்டம் போட வேண்டும்.

மருத்துவத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் சமூகத்தில் ஒரு பிள்ளை அறிவியல் பாடம் எடுத்தால் பாட்டி முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை "டாக்டரா?" என்று கேட்பார்கள். அந்த ஆசைக்கு வரலாறு உண்டு. தோட்டத்து டிரஸர் தந்த மாத்திரைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே உயிரை விட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். மருத்துவர் என்றால் நமக்கு அது பதவியைவிடப் பெரிய ஒன்று. ஆனால் 2005-இல் கிரிமியா மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கான அங்கீகாரம் நீக்கப்பட்டபோது அலைந்து திரிந்த குடும்பங்களில் நம் குடும்பங்கள் எத்தனை என்பதை மறந்துவிட்டோமா? உள்ளூர்த் தனியார் மருத்துவப் படிப்புக்கு இன்று இரண்டரை லட்சம் முதல் ஐந்து லட்சம் வெள்ளி வரை ஆகிறது. வீட்டை அடகு வைத்து, சேமநிதியைக் காலி செய்து, மாமா பெயரில் வங்கிக் கடன் எடுத்துப் படிக்க வைத்த பிள்ளைகள், 2016 டிசம்பருக்குப் பிறகு அரசு மருத்துவமனையில் ஒப்பந்த ஊழியர்களாகத்தான் வேலைக்குச் சேர்ந்தார்கள். 2021 ஜூலை 26-ஆம் தேதி கருஞ்சட்டை அணிந்து மருத்துவமனைக்கு வெளியே வந்து நின்ற ஒப்பந்த மருத்துவர்களை நாடே பார்த்தது. தகுதி உள்ள பிள்ளை மருத்துவம் படிக்கட்டும். அரசுப் பல்கலைக்கழகத்தில் கிடைத்தால் கட்டாயம் படிக்கட்டும். தனியாரில் என்றால், ஐந்து லட்சத்தைத் திருப்பிக் கட்டும் அட்டவணை எழுதிக் கையில் இல்லாமல் கையெழுத்துப் போடக் கூடாது. குடும்பத்தின் பணம் அந்தப் பிள்ளையின் தங்கைக்கும் உரியது.

இனி, யார் பெயரில் கடன் என்ற கேள்வி. இதில் என் கருத்து பல பெற்றோருக்குப் பிடிக்காது.

பிள்ளையைக் கடன்காரனாக வெளியே அனுப்பக் கூடாது என்று நம் அப்பாக்கள் நினைக்கிறார்கள். அந்த நினைப்பில் பாசம் இருக்கிறது, கணக்கு இல்லை. 52 வயது அப்பா தன் சேமநிதியை எடுத்துக் கல்லூரிக்குக் கட்டினால், அதை மீண்டும் நிரப்ப அவருக்கு இருப்பது சில ஆண்டுகள்தான். ஓய்வு வயதே 60. பட்டம் பெற்று 23 வயதில் வேலைக்குப் போகும் பிள்ளைக்கு முன்னால் 37 ஆண்டு உழைப்புக் காலம் கிடக்கிறது. பி.டி.பி.டி.என். 1997-இல் தொடங்கியபோது இருந்த சுமை இன்று இல்லை. 2008 முதல் உஜ்ரா முறையில் ஆண்டுக்கு 1 விழுக்காடுதான் நிர்வாகக் கட்டணம். நாட்டில் இவ்வளவு மலிவாக ஏழைக்குக் கடன் தருகிறவர்கள் மிகச் சிலரே. 30,000 வெள்ளியைப் பதினைந்து ஆண்டில் கட்டுவதானால் அசல் மாதம் 167 வெள்ளி. அந்த ஒரு விழுக்காட்டைச் சேர்த்தாலும் ஒரு பழைய காரின் தவணைக்குக் குறைவு. அப்பாவின் முதுமையைச் செலவழித்துவிட்டு, பத்து ஆண்டு கழித்து அதே அப்பாவின் மருந்துக்கும் வாடகைக்கும் பிள்ளை மாதம் ஐந்நூறு தேடுவதைவிட, தன் பெயரிலுள்ள கடனைத் தானே கட்டுவது பிள்ளைக்கும் இலேசு.

இதைச் சொன்னதும், கடன் வாங்கிக் கட்டாமல் விடுகிறவர்களைப் பற்றி யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். கட்டாதவர்களின் பெயரைக் குடிநுழைவுத் துறைப் பட்டியலில் வைத்து வெளிநாட்டுப் பயணத்தைத் தடுத்த காலம் இருந்தது. 2018-இல் ஆட்சி மாறியதும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. தடை நீங்கியது, கடன் நீங்கவில்லை. அரசாங்கம் ஒருநாள் தள்ளுபடி செய்துவிடும் என்று தேர்தலுக்குத் தேர்தல் காத்திருப்பது, நமக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் பிள்ளையின் தட்டில் கை வைப்பதுதான். பி.டி.பி.டி.என். தரும் பணத்தில் ஒரு பகுதி முன்பு படித்தவர்கள் திருப்பிக் கட்டியதிலிருந்து வர வேண்டிய பணம்.

சம்பளச் சீட்டே இல்லாத குடும்பங்களை இந்தக் கணக்குகளில் எங்கே சேர்ப்பது என்பது தனிச் சிக்கல். புந்தோங்கில் கச்சான் பூத்தே வறுத்து விற்கும் குடும்பம், பத்து காஜா சாலையோரத்தில் இளநீர் வெட்டுபவர், வாடகை லோரி ஓட்டுபவர். வருமானம் இருக்கும், தாளில் இருக்காது. உபகாரச் சம்பளத்துக்கோ கடனுக்கோ பாரம் நிரப்பும்போது வருமானச் சான்றுக்காக அலையும் வாரங்களில் இறுதி நாள் கடந்துவிடும். இவர்கள் சேமநிதியில் தாங்களாகவே சந்தா கட்டலாம். அரசாங்கமும் ஆண்டுக்கு ஒரு தொகை சேர்க்கிறது. பணம் சேர்வது ஒரு நன்மை. வருமானத்துக்கு ஒரு தடயம் எழுத்தில் உண்டாவது அதைவிடப் பெரிய நன்மை.

மேலே சொன்ன அந்தச் சாட்சிக்கு இப்போது வருகிறேன். சுங்கை சிப்புட்டில் 1919-இல் பிறந்தவர் துன் வீ.தி. சம்பந்தன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பியவர். தம் ஊரில் அவர் எழுப்பிய மகாத்மா காந்தி கலாசாலையை 1954-இல் விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்து வைத்தார். வெள்ளைக்காரத் துரைகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கி, அவை துண்டு துண்டாக விலை பேசப்பட்ட காலத்தில், 1960-இல், தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி. தோட்டம் தோட்டமாகப் போய், பெரட்டுக் களத்தில் நின்று, பால் வெட்டுகிறவரிடமும் புல் வெட்டுகிறவரிடமும் கேட்டார். அன்று பத்து வெள்ளி எவ்வளவு பெரிய தொகை என்பதை நம் தாத்தாக்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தப் பத்துகள் சேர்ந்து கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கின. பின்னர் மேலும் பல தோட்டங்களை. இந்த நாட்டில் கூலிகளாக இறக்கப்பட்டவர்கள் தோட்ட முதலாளிகளானார்கள். சேமிக்கத் தெரியாத கூட்டமா இது?

சீன சமூகமும் அப்படித்தான் செய்தது. சிங்கப்பூரில் நன்யாங் பல்கலைக்கழகத்துக்காக 1954-இல் திரிஷா ஓட்டுநர்கள் ஒருநாள் வருமானத்தைத் தந்தார்கள். 1969-இல் தொடங்கிய துங்கு அப்துல் ரஹ்மான் கல்லூரியின் பின்னாலும் சமூகத்தின் நன்கொடை உண்டு. கம்பார் வளாகம் அதன் பேரப்பிள்ளை. நம்மிடமும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. ம.இ.கா.வின் எம்.ஐ.இ.டி. 1984 முதல் கல்விக் கடன் தந்திருக்கிறது. கெடா செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் எழுந்தது. டாக்டர் தம்பிராஜா 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், நம் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகலாம் என்ற எண்ணத்தையே தோட்டப்புறத்தில் விதைத்தது. அது பணத்தைவிடப் பெரிய வேலை. இல்லாதது ஒன்றுதான்: சின்னத் தொகையை, சரியான வாரத்தில், பக்கத்திலேயே தருகிற ஏற்பாடு.

பெரிய கட்டணத்தில் குடும்பங்கள் உடைவதைவிட, முதல் மாதத்தில் உடைவது அதிகம். அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது, சபாவில். விமானச் சீட்டு, பதிவுக் கட்டணம், விடுதிப் பணம், மடிக்கணினி, பெட்டி, போர்வை. பி.டி.பி.டி.என். பணம் கணக்கில் விழப் பதிவுக்குப் பின் வாரங்கள் ஆகும். குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்கு 1,500 வெள்ளி முன்பணம் தரும் ஏற்பாடு இருக்கிறது. அதற்கு நேரத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்பது தெரியாமல் தாலிக்கொடியைக் கழற்றுகிறவர்கள் இன்றும் உண்டு. இந்த இடைவெளிக்கு வட்டியில்லாமல் 3,000 வெள்ளி தந்து, பி.டி.பி.டி.என். வந்ததும் திருப்பி வாங்கிக்கொள்ளும் சுழல் நிதி ஒன்று ஒவ்வொரு வட்டாரத்திலும் வேண்டும். நூறு குடும்பங்கள் மாதம் பத்து வெள்ளி போட்டால் ஆண்டுக்கு 12,000. நான்கு பிள்ளைகள் நிம்மதியாகப் போய் இறங்கலாம், அடுத்த ஆண்டு அதே பணம் வேறு நான்கு பேருக்கு. கூட்டு நிதிச் சட்டத்தில் சிக்காமல் முறையாகப் பதிவு செய்த கூட்டுறவுச் சங்கத்தின் கீழேயே இதைச் செய்யலாம். நிலநிதிச் சங்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. உறுப்பினர் பிள்ளைகளின் கல்விக்கு ஏற்கெனவே கைகொடுக்கும் சங்கம் அது. கோயில் நிர்வாகங்களில் உண்டியலும் திருவிழாக் கணக்கும் இருக்கின்றன. பேராக்கின் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகளில் முன்னாள் மாணவர்கள் இருக்கிறார்கள்.

சம்பந்தனுக்கு ஒரு வசதி இருந்தது: பெரட்டுக் களம். காலை விடியுமுன் எல்லாரும் ஒரே இடத்தில் நின்றார்கள், சம்பளமும் ஒரே மேசையில் கொடுக்கப்பட்டது, பத்து வெள்ளியை அங்கேயே பிடித்துக்கொள்ளலாம். இன்று நூறு குடும்பங்கள் பத்து தாமான்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒரே வாரத்தில் எல்லாரும் கூடும் இடம் தமிழ்ப் பள்ளி வாசல் ஒன்றுதான். அதனால் தொடங்க வேண்டிய இடமும் அதுவாகவே இருக்கலாம், அதுவும் ஆறாம் ஆண்டுப் பெற்றோரிடம்.

ஏனென்றால் முடிவுகள் தொடங்குவது அங்கேதான். ஆறாம் ஆண்டு முடிந்ததும் புகுமுக வகுப்பா, நேராக முதல் படிவமா. மூன்றாம் படிவம் முடிந்து நான்காம் படிவத்தில் கூடுதல் கணிதம் எடுப்பதா, கணக்கியலா, தமிழையும் தமிழ் இலக்கியத்தையும் சேர்த்து எடுப்பதா. கூடுதல் கணிதத்தை விட்ட பிள்ளைக்குப் பொறியியல் கதவுகள் பல அன்றே மூடிவிடும். மலாய் மொழியில் கிரெடிட் இல்லாவிட்டால் அரசுப் பல்கலைக்கழகம் இல்லை. 2013 முதல் வரலாற்றில் தோற்றால் எஸ்.பி.எம். சான்றிதழே இல்லை. மெட்ரிகுலேஷன் விண்ணப்பம் பெரும்பாலும் எஸ்.பி.எம். முடிவு வருவதற்கு முன்பே கோரப்படுகிறது. இவ்வளவும் தெரிந்தால், பதினைந்து வயதுப் பிள்ளையைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து, அப்பாவின் சம்பளம் இவ்வளவு, சேமநிதியில் இவ்வளவு, வீட்டுக் கடன் இன்னும் இவ்வளவு என்று நேராகச் சொல்லிவிடலாம். பிள்ளைக்குக் கஷ்டம் தெரியக் கூடாது என்று மறைக்கிறோம். தெரியாத பிள்ளைதான் இரண்டாம் பருவத்தில் புதுக் கைப்பேசி கேட்கிறது. தெரிந்த பிள்ளை, கம்பாருக்கு ரயிலில் போய்வர மாதம் எவ்வளவு ஆகும் என்று தானே விசாரித்துக்கொண்டு வரும்.